மணலுக்கும் மாரிக்கும் ஏற்ற 33 கிலோவோல்ட் நிலக்கேபிள்: தெரிவு, பரிசோதனை, பராமரிப்பு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நடுத்தர வோல்ட்டளவு என்றால் நடைமுறையில் 33 கிலோவோல்ட் என்றுதான் பொருள். வாழைச்சேனை, அம்பாறை போன்ற கிறிட் உபநிலையங்களில் 132 கிலோவோல்ட் 33 ஆகக் குறைக்கப்பட்டு, வயல்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து மேல்நிலைக் கம்பிவழியாகச் செல்கிறது. அந்தக் கம்பிவழியிலிருந்து கடற்கரை விடுதி, அரிசி ஆலை, ஐஸ் தொழிற்சாலை, வைத்தியசாலை போன்ற ஓரிடத்தின் மின்மாற்றிக்கு நிலத்தடியில் கேபிள் போடும் வேலையையே இங்கு விளக்குகிறேன். பெரும்பாலும் அந்தக் கேபிள் சில நூறு மீற்றர் நீளமே இருக்கும். குறுகிய நீளம் என்பதால் கணக்கிடாமலே வாங்கிப் புதைத்துவிடுகிறார்கள். பிறகு வரும் பழுதுகளுக்கு அங்கேதான் தொடக்கம்.

இந்த மண்ணில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: கேபிளின் அளவைக் கோடைக்காகக் கணக்கிட வேண்டும், அதன் ஜொயின்ட்டையும் (இரு துண்டுகளை இணைக்கும் இடம்) டெர்மினேஷனையும் (கேபிள் முடிந்து கருவியோடு இணையும் முனை) மாரிக்காகச் செய்ய வேண்டும். ஓர் இடத்தின் கேபிளுக்கு ஆண்டில் இரண்டு எதிரிகள் இருப்பதை வெளிநாட்டு அட்டவணைகள் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

எழுவான்கரை மணலும் படுவான்கரைக் களியும்

கேபிள் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதைச் செம்போ அலுமினியமோ மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனுள் எழும் வெப்பத்தைச் சுற்றியுள்ள மண் எவ்வளவு விரைவாக வாங்கிக்கொள்கிறது என்பதே தீர்மானிக்கிறது. எக்ஸ்எல்பிஇ (குறுக்கிணைத்த பொலித்தீன்) காவலியுள்ள கேபிளின் கடத்தி தொடர்ச்சியாக 90 பாகை செல்சியஸ் வரை இருக்கலாம். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் (ஐஇசி) 60502-2 தரநிலையின் அட்டவணைகள் மண்ணின் வெப்பநிலை 20 பாகை என்றும், மண்ணின் வெப்பத் தடைத்திறன் 1.5 கெல்வின் மீற்றர்/வாற்று என்றும் எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நம் மண் 20 பாகைக்கு ஒருபோதும் குளிர்வதில்லை. 30 பாகை என்று கொள்வதே நியாயம். அதற்கான திருத்தக் காரணி 0.93.

அதைவிடப் பெரிய இழப்பு மணலில் இருக்கிறது. கல்லடி முதல் கல்முனைக்கு அப்பாலும் நீளும் எழுவான்கரையின், அதாவது வாவிக்குக் கிழக்கே உள்ள கடலோரக் கரையின் மணல், ஈரமாக இருக்கும்போது வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்துபோனால் அதே மணலின் தடைத்திறன் 2.5 அல்லது அதற்கும் மேல் ஏறிவிடும். கேபிளின் வெப்பமே தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை வெளியே தள்ளுவதால், சுமை கூடக்கூட மணல் மேலும் காய்கிறது, காய்ந்த மணல் கேபிளை மேலும் சூடாக்குகிறது. விடுதிகளின் குளிரூட்டிகள் முழுமூச்சில் ஓடுவதும் அந்த மாதங்களில்தான். 2.5 என்ற தடைத்திறனுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொள்திறன் குறையும். மேலே சொன்ன 0.93-ஐயும் சேர்த்தால் அட்டவணையில் 300 அம்பியர் என்று இருப்பது இங்கே 225 அம்பியர் அளவில் நிற்கும்.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் சிக்கல் வேறு மாதிரியானது. வயற்களி ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் வெப்பத்துக்கு நல்லது. ஆனால் கோடையில் அது வெடித்துப் பிளந்து, கேபிளுக்கும் மண்ணுக்கும் இடையே காற்று இடைவெளியை உண்டாக்கும். அத்துடன் மென்மையான பிவிசி உறையைக் கறையான் அரிப்பதும் உண்டு. இரண்டு கரைகளுக்கும் நான் சொல்லும் தீர்வு ஒன்றுதான்: தோண்டிய மண்ணை அப்படியே கேபிளின் மீது திருப்பிப் போடாமல், கேபிளைச் சுற்றித் தெரிந்தெடுத்த நிரப்பியை இட வேண்டும். 14 பங்கு மணலுக்கு 1 பங்கு சீமெந்து கலந்த நலிந்த கலவை, காய்ந்த நிலையிலும் வெப்பத்தைக் கடத்தும்; பிற்காலத்தில் தோண்டவேண்டி வந்தால் மண்வெட்டியால் உடைக்கவும் முடியும். கடல் மணலை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அதன் உப்பு உருக்குக் கவசத்தைத் தின்றுவிடும். ஒரே பருமனான மணிகள் என்பதால் இடைவெளிகள் மிகுந்து வெப்பத்தையும் தடுக்கும்.

அளவைத் தீர்மானிப்பது சுமையல்ல

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மின்கம்பத்திலிருந்து 600 மீற்றர் தூரத்தில் 1000 கேவிஏ மின்மாற்றி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 33 கிலோவோல்ட்டில் அது முழுச் சுமையில் எடுப்பது 17.5 அம்பியர் மட்டுமே. 33 கிலோவோல்ட்டுக்குத் தயாராகும் மிகச் சிறிய கேபிளும் இதைப் பல மடங்கு தாங்கும். வோல்ட்டளவு வீழ்ச்சியும் இருபது வோல்ட்டைத் தொடாது. இத்துடன் நிறுத்திச் சிறிய கேபிளை வாங்குவோர் குறுஞ்சுற்றை மறந்துவிடுகிறார்கள்.

குறுஞ்சுற்று ஏற்படும் கணத்தில் கேபிள் தாங்கவேண்டியது மின்மாற்றியின் சுமையை அல்ல, முழு வலையமைப்பும் அந்தப் புள்ளிக்குள் ஊட்டும் மின்னோட்டத்தை. அந்தப் பெறுமானத்தை மின்வழங்குநரின் பொறியியல் பிரிவிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உபநிலையத்துக்கு அருகில் அது கூடுதலாகவும் தூரத்தில் குறைவாகவும் இருக்கும். பிறகு கணக்கு எளிது. அந்த வழு (பழுது) மின்னோட்டத்தை, அது நீக்கப்படும் நேரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அலுமினியத்துக்கு 94 ஆலும் செம்புக்கு 143 ஆலும் வகுத்தால், தேவையான குறுக்குவெட்டு சதுர மில்லிமீற்றரில் கிடைக்கும். கடத்தி 90 பாகையிலிருந்து 250 பாகை வரை ஏற இடம்கொடுக்கும் எண்கள் இவை. உதாரணமாக, 12,000 அம்பியர் அரைச் செக்கனில் நீங்கினால் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 90 வருகிறது. ஆகவே 95 சதுர மில்லிமீற்றர் கேபிள். முதற் பாதுகாப்பு தவறி, பின்னிருக்கும் சுற்றுடைப்பான் ஒரு செக்கன் கழித்து இயங்கினால் 128 ஆகிறது. அப்போது 150 தேவை. நான் எப்போதும் இரண்டாவது கணக்கையே எடுப்பேன். கேபிளின் விலையில் வரும் வேறுபாடு, தோண்டும் கூலிக்கும் பாதை திருத்தும் செலவுக்கும் முன்னால் பெரிதல்ல.

இதே கணக்கை, காவலியைச் சுற்றியுள்ள செப்புத் திரைக்கும் செய்ய வேண்டும், ஏனெனில் புவிவழு மின்னோட்டம் திரும்பிச் செல்வது திரை வழியாகவும் கவசம் வழியாகவுமே. ஒற்றைச் சரக் கேபிளாக (காவலியிட்ட ஒரே கடத்தி கொண்டதாக) இருந்தால் கவசம் அலுமினியக் கம்பியாக இருக்க வேண்டும். உருக்குக் கவசம் காந்தப் புலத்தால் சூடாகும். இந்தக் குறுகிய நீளங்களுக்கு மூன்று சரமும் ஒன்றாக உள்ள கேபிளே வசதி.

கட்டளை எழுதும்போது மூன்று விடயங்களைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்: 19/33 கிலோவோல்ட் தரம் (அவத்தைக்கும் புவிக்கும் இடையே 19, அவத்தைகளுக்கிடையே 33), கடத்தியிலும் திரையிலும் நீர் நெடுக ஊராமல் தடுக்கும் ஊதுநாடா (ஈரம் பட்டால் வீங்கும் நாடா), வெளியுறையாகக் கடினமான பொலித்தீன். வாவிக்கு அருகில் மாரி காலத்தில் நிலத்தடி நீர் கேபிளின் மட்டத்துக்கு மேல் ஏறி மாதக்கணக்கில் நிற்கும். காவலிக்குள் ஈரமும் மின்புலமும் சேர்ந்து செயற்பட்டால் நுண்ணிய கிளைகளாக ஈரம் பரவும். அதையே நீர்மரம் என்பர். ஆண்டுகள் கழித்து, ஒரு மின்னலில் அல்லது சுவிட்ச் போடும் ஒரு கணத்தில் அந்தக் கிளையே துளையாகிறது. பிவிசியைவிடப் பொலித்தீன் உறை நீராவியை மிகக் குறைவாகவே உட்புக விடும்.

புதைப்பது

ஆழம் குறைந்தது 0.9 மீற்றர், கீழே 75 மில்லிமீற்றர் சலித்த படுக்கை, மேலே கொங்கிரீட் பலகை, அதற்கு மேல் எச்சரிக்கை நாடா. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. தவறு நடப்பது இழுக்கும்போது. அலுமினியக் கடத்தியை ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 30 நியூட்டனுக்கு மேல் இழுக்கக் கூடாது. மூன்று சரமும் 150 என்றால் எல்லை 13.5 கிலோநியூட்டன். டிராக்டரில் கட்டி இழுப்பவர்களுக்கு இந்த எல்லை தெரியாது, டிராக்டருக்கும் தெரியாது. ஆகவே இழுவிசைமானி இல்லாமல் இயந்திரத்தால் இழுக்க அனுமதிக்காதீர்கள். வளைவின் ஆரை கேபிள் விட்டத்தின் 15 மடங்குக்குக் குறையக் கூடாது. 33 கிலோவோல்ட் மூன்றுசரக் கேபிளுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மீற்றர், அதாவது ஒரு வாசற்கதவைவிட அகலமான வளைவு. வெட்டிய முனைகளைச் சுருங்கும் மூடியால் அன்றே அடைத்துவிடுங்கள். பொலித்தீன் பையைச் சுற்றிக் கயிற்றால் கட்டுவது அடைப்பு ஆகாது.

ஜொயின்ட், டெர்மினேஷன்

பழுதுகளில் பெரும்பகுதி கேபிளின் உடலில் வருவதில்லை, மனிதக் கை பட்ட இடத்திலேயே வருகிறது. கடற்கரை விடுதி ஒன்றில் ஒரு மார்கழி இரவு மின்சாரம் போனது. மறுநாள் அந்த ஜொயின்ட்டைத் தோண்டி எடுத்துப் பிரித்தபோது நான் கண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது: கறுப்பான குறைகடத்திப் படை முடியும் இடத்தில், வெள்ளைக் காவலியைச் சுற்றி ஒரு வளையக் கீறல். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும், அவ்வளவுதான் ஆழம். அந்தக் கீறலின் ஒரு புள்ளியிலிருந்து கடத்தி வரை பென்சிற்கோடு போலக் கரி ஓடியிருந்தது. குறைகடத்திப் படையை நீக்கியவர் கத்தியைச் சற்று ஆழமாக ஓட்டியிருக்கிறார். அந்த வேலை தூறல் மழையில், கூடாரம் இல்லாமல் நடந்தது என்று பிறகு தெரிந்தது. காவலியில் மின்புலம் மிகக் கடுமையாக நெருங்கும் இடமே அந்தப் படையின் விளிம்பு. அங்கே கீறலும் ஈரமும் சேர்ந்தால் சில மாதங்கள் கூடத் தாங்காது.

எனவே வட்டமாக வெட்டும்போது படையின் தடிப்பில் பாதிக்கு மேல் கத்தி இறங்கக் கூடாது. ஆழத்தைக் கட்டுப்படுத்தும் உரிய கருவி இருந்தால் கத்தியே வேண்டாம். காவலியை மின்கடத்தாத துகள் பூசிய தாளால் மெருகூட்டி, கரைப்பானில் நனைத்த துணியால் துடையுங்கள். துணியை வெள்ளைக் காவலியிலிருந்து கறுப்புப் படையை நோக்கி ஒரே திசையில் மட்டும் இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் ஒருமுறை இழுத்தாலும் கறுப்புத் துகள் காவலியின் மேல் பரவிவிடும். துணியின் ஒரு பக்கம் ஒருமுறைக்குத்தான். கைகள் உலர்ந்திருக்க வேண்டும், மேலே கூரை இருக்க வேண்டும், குழிக்குள் நீர் ஊறினால் வேலையை நிறுத்த வேண்டும். ஒப்பந்தகாரர் அவசரப்படுத்துவார், நிறுத்தும் அதிகாரம் ஜொயின்ட் போடுபவருக்கே இருக்கட்டும்.

கடலோர மின்கம்பத்தில் ஏறும் வெளிப்புற டெர்மினேஷனுக்கு ஊர்வுத் தூரத்தைக் (மின்முனைக்கும் புவிக்கும் இடையே காவலியின் மேற்பரப்பு நெடுகிலான தூரம்) கேட்டு வாங்குங்கள். உப்புக் காற்றுக்கு ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீற்றர் என்று கொண்டால், 36 கிலோவோல்ட் உச்சத்துக்கு 1116 மில்லிமீற்றர் தேவை. அலுமினியக் கடத்தியைச் செப்புப் பட்டையுடன் சேர்க்க இருஉலோக லக்கே (கடத்தியின் முனையில் பொருத்தும் இணைப்புத் துண்டு) பயன்பட வேண்டும். மின்னல் தடுப்பியை டெர்மினேஷனுக்கு மிக அருகில், குறுகிய நேரான கம்பியால் இணைத்து, கேபிளின் செப்புத் திரையையும் அதே புவித்தொடுப்புடன் கட்டுங்கள். சித்திரை, ஐப்பசி மாதங்களின் பிற்பகல் இடிமழைகளில் மேல்நிலைக் கம்பி வழியே வரும் அலை முதலில் முட்டுவது இந்த இடத்தில்தான்.

பரிசோதனை

மின்னூட்டுவதற்கு முன் முதலில் உறையைச் சோதியுங்கள். திரைக்கும் புவிக்கும் இடையே, உறையின் தடிப்பில் ஒரு மில்லிமீற்றருக்கு 4 கிலோவோல்ட் வீதம், உச்சமாக 10 கிலோவோல்ட், நேர்மின்னோட்டத்தில் ஒரு நிமிடம். இது வெளியுறையில் கல் குத்தியதையும் இழுக்கும்போது கிழிந்ததையும் காட்டும். இந்தச் சோதனைக்கு வெளியே ஈரமான மண் வேண்டும். காய்ந்த மணலில் ஓட்டை இருந்தாலும் மின்னோட்டம் கசிந்து வெளியேற வழியில்லாததால் கேபிள் நல்லதுபோலத் தேறிவிடும். ஆவணியில் தேறிய கேபிள் தையில் தவறியதை நான் கண்டிருக்கிறேன். கேபிள் மாறவில்லை, மண் மாறியது. கோடையில் புதைத்தால் குழியை நனைத்துவிட்டுச் சோதியுங்கள், முதல் மாரி முடிந்ததும் மறுபடி சோதியுங்கள்.

அடுத்து 5 கிலோவோல்ட் மெகரால் (காவலித் தடைமானி) காவலித் தடையை அளப்பது. நீளம் கூடக்கூட அந்தப் பெறுமானம் குறையும் என்பதால், எண்ணைவிட மூன்று அவத்தைகளும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா என்பதே முக்கியம். மெகர் நன்றாகக் காட்டிய ஜொயின்ட்டுகள் வெடித்ததுண்டு. அதை ஆரம்பச் சோதனையாக மட்டும் எடுங்கள்.

உண்மையான தாங்குசோதனை 0.1 ஹேர்ட்ஸ் மிகத்தாழ் அதிர்வெண்ணில் செய்யப்படுவது. புதிய கேபிளுக்கு அவத்தைக்கும் புவிக்கும் இடையிலான 19 கிலோவோல்ட்டின் மூன்று மடங்கான 57 கிலோவோல்ட், 15 நிமிடம். ஏன் 50 ஹேர்ட்ஸில் செய்வதில்லை என்று கேட்பார்கள். இரண்டு கிலோமீற்றர் கேபிளின் கொள்ளளவம் 0.4 மைக்ரோபரட் எனக் கொண்டால், 50 ஹேர்ட்ஸில் 57 கிலோவோல்ட் கொடுக்க 7 அம்பியருக்கு மேல், அதாவது 400 கேவிஏ அளவில் சோதனைக் கருவி வேண்டும், 0.1 ஹேர்ட்ஸில் அது ஐந்நூறில் ஒன்றாகி, ஒரு வான் வண்டியில் ஏற்றிச் செல்லும் கருவி போதும். பழைய பழக்கத்தில் நேர்மின்னோட்டத்தில் உயர்வோல்ட்டளவு கொடுப்பதை எக்ஸ்எல்பிஇ கேபிளில், குறிப்பாகப் பயன்பாட்டில் இருந்த கேபிளில், செய்யாதீர்கள். அது காவலிக்குள் மின்னேற்றத்தைச் சிறைப்படுத்தி, சோதனையில் தேறிய கேபிளை மின்னூட்டியபின் உடைக்கும்.

சோதனை முடிந்தபின் அந்த 0.4 மைக்ரோபரட் 57 கிலோவோல்ட் அலையின் உச்சத்தில் ஏறத்தாழ 1300 ஜூல் சக்தியை வைத்திருக்கக்கூடியது; மனித உயிரை எடுக்க அது தாராளமாகப் போதும். தடையுள்ள கோலால் வெளியேற்றி, பின்பு நேரடியாகப் புவித்தொடுத்து, அப்படியே விட்டுவைத்துவிட்டே முனையைத் தொட வேண்டும். மறுமுனையில் ஓர் ஆள் காவல் நிற்காமல் சோதனை தொடங்கக் கூடாது.

பழைய கேபிளுக்கு வோல்ட்டளவைக் குறைத்து, டான் டெல்டாவை (காவலிக்குள் வீணாகும் சக்தியைக் காட்டும் எண்) அவத்தை வோல்ட்டளவின் 0.5, 1, 1.5 மடங்குகளில் அளப்பது பயனுள்ளது. நல்ல காவலியில் எண் சிறியதாகவும், வோல்ட்டளவு ஏறும்போது அசையாமலும் இருக்கும். நீர்மரம் பரவியிருந்தால் ஏறிக்கொண்டே போகும். நீர்மரம் பகுதி மின்னிறக்கத்தை (காவலியின் ஒரு பகுதியில் மட்டும் ஓடும் நுண்பொறி) உண்டாக்குவதில்லை, கெட்ட ஜொயின்ட்டோ உண்டாக்கும். ஆகவே டான் டெல்டா, பகுதி மின்னிறக்கம் ஆகிய இரண்டு அளவீடுகளில் ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

மின்னூட்டும்போது ஓர் எச்சரிக்கை. கம்பத்திலுள்ள டிடிஎல்ஓ உருகிகளை (கோலால் மாட்டிக் கழற்றும், ஒவ்வோர் அவத்தைக்கும் தனியான உருகிகள்) ஒவ்வொன்றாகப் போடும்போது, கேபிளின் கொள்ளளவமும் சுமையற்ற மின்மாற்றியின் சுருளும் சேர்ந்து ஒத்திசைந்து, வோல்ட்டளவு ஆபத்தாக எகிறலாம். மின்மாற்றி உறுமினால் அதுவே அறிகுறி. மூன்று அவத்தையையும் ஒன்றாக மூடும் சுவிட்சை முன்பே திட்டத்தில் சேர்த்துவிடுவது நல்லது.

ஆண்டுக்கு ஆண்டு

பராமரிப்பையும் பருவத்தோடு சேர்த்தே வையுங்கள். சுமை உச்சமாக இருக்கும் ஆடி, ஆவணியில் வெப்பக் கமெராவால் டெர்மினேஷன்களைப் பாருங்கள். மூன்று அவத்தைகளும் ஒரே சுமையில் இருக்கும்போது ஒன்று மட்டும் சூடாகத் தெரிந்தால் லக் தளர்ந்திருக்கிறது. மழை தொடங்குமுன், மின்சாரத்தை நிறுத்திப் புவித்தொடுத்துவிட்டு, டெர்மினேஷனின் உப்புப் படிவை நன்னீரால் கழுவித் துடையுங்கள். கோடை முழுவதும் படிந்த உப்பு முதல் தூறலில் நனையும்போதுதான் மேற்பரப்பில் பொறி ஓடும். தையில் உறைச் சோதனை. அவ்வப்போது பாதை நெடுக நடந்து, யாரேனும் மதிற்சுவருக்கு அத்திவாரம் வெட்டுகிறார்களா, குழாய்க்கிணறு இறக்குகிறார்களா என்று பார்ப்பதும் பராமரிப்புத்தான்.

பழுது வந்தால் துடிப்பை அனுப்பித் திரும்பும் நேரத்தை அளந்து தூரத்தைக் காணலாம். எக்ஸ்எல்பிஇ கேபிளில், போய்வரும் நேரத்தின் ஒவ்வொரு மைக்ரோசெக்கனுக்கும் ஏறத்தாழ 80 மீற்றர் தூரம் என்று கொள்ளுங்கள்; 6 மைக்ரோசெக்கன் என்றால் 480 மீற்றர். ஆனால் கருவி தருவது கேபிளின் நீளத்தை. நிலத்தில் அந்த இடம் எது என்பதை வரைபடம்தான் சொல்லும். ஒருமுறை நான் கையில் வாங்கிய வரைபடத்தில், ஜொயின்ட் ‘தென்னை மரத்திலிருந்து கிழக்கே 4 மீற்றர்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்த மரம் ஒரு புயற்காற்றில் விழுந்து வேரும் எடுக்கப்பட்டிருந்தது. நாங்கள் இரண்டு நாள் தோண்டினோம். ஒவ்வொரு ஜொயின்ட்டையும், ஒவ்வொரு வளைவையும், மூடுமுன்னரே படம் எடுத்து, மதகின் விளிம்பு, கோயில் மதிலின் மூலை போன்ற அசையாத இரண்டு இடங்களிலிருந்து நாடாவால் அளந்து, ஜொயின்ட் போட்டவரின் பெயருடனும் அன்றைய வானிலையுடனும் எழுதி, ஒரு பிரதியை மின்மாற்றி அறையிலேயே வைத்துவிடுங்கள்.